மாப்பிள்ளை வீட்டு மஞ்சள் நோய்

"உங்க வெண்டையில நோய் எதுனா இருக்குதா?"

"எங்க நெலத்துலயா? சுத்தமா இல்லீங்க."

"இலை நரம்பு மஞ்சளா ஓடுறது, குருத்து சுருட்டிக்கிறது, அந்த மாதிரி?"

"ஒரு இலைகூட இல்லீங்க. வேணும்னா கற்பூரம் ஏத்தி சத்தியம் பண்றேன்."

"ஒரு இலைகூடவா?"

பெண் பார்க்க வந்த அன்று, பெரியவர்கள் பெருந்தன்மையோடு ஒதுக்கிக் கொடுத்த சில நிமிடங்களில், மொட்டை மாடியில் நின்று வளர்மதியும் வெற்றிவேலும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். வெற்றிவேல் பேச்சு முழுவதையும் செஞ்சிக் கோட்டை நிற்கிற ராஜகிரி மலையைப் பார்த்தபடியே பேசினான். பிறந்ததிலிருந்து பார்க்கிற கோட்டையை, நேற்றுதான் யாரோ கட்டி முடித்த மாதிரி அப்படிப் பார்த்தான். பிறகு கீழேயிருந்து கூப்பிட்டுவிட்டார்கள்.

அடுத்த ஒரு வாரமும் வளர்மதி இந்தப் பேச்சை மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தாள். பல் தேய்க்கும்போது ஓடியது, பஸ்ஸில் ஓடியது, ஆய்வுக்கூடத்தில் இலையை அரைத்துக்கொண்டிருக்கும்போதும் ஓடியது. மாப்பிள்ளை பொய் சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். அவளிடம் போட்டோ இருந்தது.

தரகர் அம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ அது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெண்டைத் தோட்டத்தில் கைகட்டி நின்றிருந்தான் வெற்றிவேல். வளர்மதியின் அம்மா வள்ளியம்மாள் முகத்தைப் பார்த்துவிட்டு, மூக்கு எடுப்பா இருக்குது என்றாள். அப்பா செல்லப்பனுக்குக் கரண்ட் ஆபீஸில் வேலை. அவர் பின்னால் தெரிந்த மோட்டார் கொட்டகையைப் பார்த்துவிட்டு, சர்வீஸ் ஒயரைத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டியிருக்கிறான், பொறுப்பான பையன் என்றார். வளர்மதி பார்த்தது மாப்பிள்ளையின் இடது முழங்காலை. சரியாகச் சொன்னால், முழங்காலுக்குப் பக்கத்தில் நின்ற செடியை. அதன் இலை நரம்பெல்லாம் மஞ்சள் வலை பின்னியிருந்தது. அதே செடியில் குருத்து இலைகள் கிண்ணம் மாதிரி சுருண்டு, தண்டு முறுக்கிக்கொண்டு நின்றது. அவள் போட்டோவைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். பிறகு அம்மாவிடம் போய், "எனக்குச் சம்மதம், வரச் சொல்லு" என்றாள். வள்ளியம்மாள் ஓடிப்போய்ச் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

வெண்டைக்கு மஞ்சள் நோய் வருவது ஒரு வைரஸால். செடிக்குச் செடி அதைத் தூக்கிச் சுமப்பது வெள்ளை ஈ. இதுவரைக்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வளர்மதியின் ஆராய்ச்சி இதற்கு அப்புறம் தொடங்குகிறது. பனமலை ஏரிக்கரைத் தோட்டத்தில் இருக்கும் வைரஸும் வல்லத்தில் இருக்கும் வைரஸும் ஒன்றல்ல. வெளியே பார்த்தால் ஒரே மஞ்சள்தான், மரபணுவைப் படித்தால் ஊருக்கு ஒரு முகம். அதோடு நிற்பதில்லை. ஒரே செடிக்குள் இரண்டு வைரஸ் குடியேறிவிட்டால், இது தன் மரபணுத் துண்டை அதற்குக் கொடுத்து, அது தன் துண்டை இதற்குக் கொடுத்து, இரண்டுக்கும் சொந்தமான மூன்றாவது ஒன்று பிறந்துவிடும். நோய் தாங்கும் என்று சொல்லி விற்கிற விதையை நம்பி விதைத்தவனையும் அந்தப் புதுசு கவிழ்த்துவிடும். அது பிறக்கிற இடத்திலேயே கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று மூன்று வருடமாகத் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தாள். மஞ்சள் நோயும் இலைச் சுருட்டை நோயும் சேர்ந்து வந்த செடி அகப்படவே இல்லை. அப்படி ஒன்று முளைத்தால் அவள் போய்ச் சேருவதற்குள் யாராவது பிடுங்கிப் போட்டுவிடுவார்கள்.

அந்தச் செடியைக் கொடுங்கள் என்று மாடியிலேயே கேட்டிருக்கலாம். கேட்க முடியாமல் செய்தது அம்மாவின் கட்டளை. தாலி கழுத்தில் ஏறுகிறவரை 'வைரஸ்' என்ற சொல் வளர்மதியின் வாயிலிருந்து வரக்கூடாது.

வள்ளியம்மாள் பட்ட பாடு அப்படி. முதலில் வந்த மாப்பிள்ளையின் அம்மா, பெண் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டு, வைரஸோடு வேலை என்று பதில் வந்ததும் கையில் எடுத்த காபி டம்ளரை அப்படியே தட்டில் வைத்துவிட்டாள். அடுத்து வந்தவர்கள் வாசல் குழாயில் கைகழுவிவிட்டுத்தான் காரில் ஏறினார்கள். மூன்றாவது வீட்டுக்காரர்கள் வழியிலேயே கேள்விப்பட்டு, திண்டிவனம் தாண்டாமலே திரும்பிவிட்டார்கள். இது செடிக்கு வருவது, மனுஷனுக்கு ஒட்டாது என்று வளர்மதி விளக்கினால், அதை விளக்க வேண்டியிருப்பதே சந்தேகத்தை வளர்த்தது. அதனால் இந்த முறை செல்லப்பன், "பொண்ணு காய்கறி சம்பந்தமா மேல்படிப்பு படிக்குது" என்று மட்டும் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை வீட்டாரும் சந்தோஷமாகத் தலையாட்டி, காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள்.

இனி பெண் வீட்டார் போய் மாப்பிள்ளையின் வீடு வாசலைப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, தொண்டூருக்கு. அதற்குப் பெரியவர்கள்தான் போவார்கள், பெண் போகிற வழக்கமில்லை. வளர்மதி தானும் வருகிறேன் என்றாள். வள்ளியம்மாளுக்குத் தலை சுற்றியது. ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள். வாழப்போகிற வீட்டை நான் பார்க்கக்கூடாதா என்று மகள் திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி என்று செல்லப்பன் சொல்லிவிட்டார். மகள் கைப்பையில் மூடி போட்ட சின்னச் சின்னப் பிளாஸ்டிக் குழாய்களை எடுத்து வைத்துக்கொண்டதை அவர் பார்க்கவில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பூவும் பழமும் ஸ்வீட்டும் வாங்கிக்கொண்டு வேனில் போய் இறங்கினார்கள். வெற்றிவேலின் அப்பா துரைக்கண்ணு வெள்ளை வேட்டி மொடமொடக்க வந்து கும்பிட்டார். அம்மா விருத்தாம்பாள் பளபளக்கும் மஞ்சள் பட்டில் இருந்தாள். கூட வளர்மதியும் இறங்கியதைப் பார்த்ததும் இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு ஒரு விநாடி நின்று, பிறகு இன்னும் பெரிதாகத் தொடர்ந்தது. வெற்றிவேல் மட்டும் நிஜமாகவே சந்தோஷப்பட்டான். உடனே நிஜமாகவே பயந்தான்.

வீட்டைப் பார்த்தார்கள். மாட்டுக் கொட்டகையைப் பார்த்தார்கள். செல்லப்பன் மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துத் திருப்தியாக மூடினார். நிலத்தைப் பார்க்கலாமா என்று வளர்மதி கேட்டாள். வெயில் அதிகம் என்றார் துரைக்கண்ணு. குடை இருக்கிறது என்றாள் வளர்மதி.

வெண்டைத் தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதைப் பார்த்ததும் பெண் வீட்டார் எல்லோரும் நின்றுவிட்டார்கள். பாதித் தோட்டம் இலை அசங்காமல் பச்சைப் பசேல் என்று இருந்தது. மீதிப் பாதியைச் சுற்றி ஆளுயரத்துக்குத் துணி கட்டியிருந்தார்கள். கல்யாண மண்டபத்தில் கட்டுகிற பச்சைத் துணி, மேலே தங்க நிறத்தில் ஜாலர், மூலைக்கு மூலை ஜிகினாக் கொத்து. வாசல் இருக்க வேண்டிய இடத்தில் 'நல்வரவு' என்றுகூட எழுதியிருந்தது.

விருத்தாம்பாளின் தம்பி ஆனந்தராஜ் பந்தல் காண்ட்ராக்டர். அவர்தான் முன்னால் வந்து விளக்கம் சொன்னார். நல்ல காரியம் நடக்கப்போகிற குடும்பம், கல்யாணக் களை தோட்டத்திலிருந்தே ஆரம்பிக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. உள்ளே என்ன இருக்கிறது என்று செல்லப்பன் கேட்டார். வெண்டைதான் என்றார் ஆனந்தராஜ். வெளியேயும் வெண்டைதானே இருக்கிறது என்றார் செல்லப்பன். ஆமாம், அது சாதா வெண்டை என்றார் ஆனந்தராஜ். அதற்கு மேல் அவர் யோசித்து வைத்திருக்கவில்லை.

வளர்மதி துணியைப் பார்க்கவில்லை. அவள் விருத்தாம்பாளின் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காற்று அடித்துத் துணி ஒருமுறை உப்பி அடங்கியது. உள்ளேயிருந்து பொடிப்பொடியாகச் சாம்பல் மாதிரி எதுவோ பறந்து வந்தது. அதற்கு உலகத்தில் மிகவும் பிடித்த நிறம் மஞ்சள். மாமியாராகப் போகிறவளின் பட்டு முந்தானையிலும் இடுப்பிலும் கொசுவத்திலும் வந்து வந்து உட்கார்ந்தது. சற்று நேரத்தில் அந்த அம்மாள் மேல் மாவு சலித்த மாதிரி ஆகிவிட்டது. வெள்ளை ஈ. அதுவும் இத்தனை. பக்கத்தில் நோய்ச் செடி காடாக நிற்காமல் இத்தனை வராது.

மூன்று வருடப் பழக்கம். கை தானாகக் கைப்பைக்குள் போனது. ஒரு குழாயைத் திறந்துகொண்டு வளர்மதி குனிந்து, விருத்தாம்பாளின் இடுப்புப் பக்கம் மெல்லக் கொண்டுபோனாள்.

"இன்னாம்மா பண்ற?" என்றாள் விருத்தாம்பாள், அசையப் பயந்து.

"ஒன்னுமில்ல அத்தை, ஆடாம நில்லுங்க. பறந்துடும்."

வள்ளியம்மாள் பலமாக இருமினாள். பயனில்லை. வளர்மதி ஒரு குழாயை நிரப்பி மூடிவிட்டு அடுத்ததைத் திறந்தாள். இந்த வினோதத்தைப் பார்த்துத் திகைத்துப் பின்னால் ஓர் அடி வைத்த துரைக்கண்ணு, பந்தல் கம்பில் போய்ச் சாய்ந்தார். ஆனந்தராஜ் அவசரத்தில் நட்ட கம்பு அது. முதலில் 'நல்வரவு' விழுந்தது. பிறகு ஜாலர். பிறகு ஒரு பக்கத் துணி முழுவதும் மெதுவாக, மரியாதையாக மடிந்து கீழே இறங்கியது.

உள்ளே பாதித் தோட்டமும் மஞ்சள். வெயில் பட்டு, மஞ்சள் இடிக்கிற மில்லைத் திறந்து வைத்த மாதிரி தகதகத்தது. இலை மஞ்சள், நரம்பு மஞ்சள், காய்கூட வெளுத்த மஞ்சள்.

துரைக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, செல்லப்பன் முன்னால் வந்து நின்றார்.

"சம்பந்தி, எதுவும் தப்பா எடுத்துக்காதீங்க. செடிக்குத்தான் வந்துது. எங்க வம்சத்துல யாருக்கும் ஒரு வியாதி கெடையாது. சுகர்கூட கெடையாது."

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று, பெண் என்னடா கேட்டாள் என்று வீட்டில் வெற்றிவேலை விசாரித்திருக்கிறார்கள். நிலத்தில் நோய் இருக்கிறதா என்று கேட்டாள், வேறு எதுவும் கேட்கவில்லை என்று அவன் சொல்லியிருக்கிறான். சம்பளம் கேட்கவில்லை, குடிப்பழக்கம் கேட்கவில்லை, நோயை மட்டும் கேட்டாள் என்றால் அர்த்தம் என்ன என்று குடும்பமே உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறது. படித்த பெண், நேராகக் கேட்பது நாகரிகம் இல்லை என்று நிலத்தின் பேரைச் சொல்லிக் குடும்பத்து வியாதியைக் கேட்டிருக்கிறாள் என்று விருத்தாம்பாள் முடிவு சொன்னாள். நிலத்தையே நோயோடு வைத்திருக்கிறவன் பெண்டாட்டியை எப்படி வைத்திருப்பான் என்று கேட்டிருக்கிறாள் என்றார் ஆனந்தராஜ். இரண்டில் எது என்றாலும் மறைத்துத்தான் ஆக வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆனது.

"ரொம்ப மோசமா இருந்ததையெல்லாம் காலையில புடுங்கிட்டேன்," என்றான் வெற்றிவேல் தரையைப் பார்த்து. "வரப்பு ஓரமா ஒரு செடி முறுக்கிக்கினு அசிங்கமா நின்னுது. அத மொதல்ல புடுங்கினேன்."

அது போட்டோவில் பார்த்த அதே செடி என்று வளர்மதிக்குப் புரிந்துவிட்டது. "எங்க போட்டீங்க?"

"எருமைக்கு."

பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தைத் தொண்டூர்க்காரர்கள் இன்னும் கொஞ்ச காலம் பேசுவார்கள். பின்னால் வெற்றிவேல் ஓடினான். அவன் பின்னால் இரண்டு குடும்பமும் ஓடியது. மாட்டுக் கொட்டகையில் எருமை தொட்டியில் கடைசிக் கட்டைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. வாயோரத்தில் ஒரு தண்டு முறுக்கிக்கொண்டு தொங்கியது. அதன் நுனியில் கிண்ணம் மாதிரி சுருண்ட ஓர் இலை. வளர்மதிக்குப் போட்டோவில் பார்த்த முகம் மறக்குமா. தண்டைப் பிடித்து இழுத்தாள். எருமை விடவில்லை. வெற்றிவேல் எருமையின் தாடையைப் பிடித்துக் கெஞ்சினான். அவள் கால்களை ஊன்றி இன்னொரு இழுப்பு இழுத்தாள். எருமை முக்கால் பங்கைத் தனக்கு வைத்துக்கொண்டு, கால் இலையை எச்சிலோடு விட்டுக்கொடுத்தது.

அந்தக் கால் இலையை ஏந்திக்கொண்டு வளர்மதி அழுதுவிட்டாள். அழுதுகொண்டே உண்மையைச் சொல்லிவிட்டாள். காய்கறி சம்பந்தமான படிப்பு இல்லை, வைரஸ் சம்பந்தமான படிப்பு. இந்த மாதிரி ஒரு செடியைத் தேடித்தான் மூன்று வருடம் நாய் மாதிரி அலைந்தாள்.

வள்ளியம்மாள் தவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். நான்காவது வரனும் போயிற்று.

விருத்தாம்பாள் புடவையிலிருந்து ஈயைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, அப்படியானால் நீங்களும்தான் மறைத்தீர்கள் என்றாள். ஆமாம் என்றார் செல்லப்பன். நாங்களும் மறைத்தோம் என்றாள். ஆமாம் என்றார் மறுபடியும். கணக்கு நேரானதில் அந்த அம்மாளுக்கு ஏதோ நிம்மதி கிடைத்த மாதிரி இருந்தது. அப்படி அந்த இலையில் என்னதான் இருக்கிறது என்று கேட்டாள்.

வளர்மதி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். ஒரு செடிக்குள் மஞ்சள் வைரஸ் ஒன்றும் சுருட்டை வைரஸ் ஒன்றும் சேர்ந்தால், இரண்டின் சாயலும் கலந்து புதிதாக ஒன்று பிறக்கும். உங்கள் மகனுக்கு உங்கள் மூக்கும் அவர் காதும் வந்த மாதிரி. எல்லோரும் வெற்றிவேலின் மூக்கையும் துரைக்கண்ணுவின் காதையும் திரும்பிப் பார்த்தார்கள். துரைக்கண்ணு காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். விருத்தாம்பாள் தலையாட்டினாள். அது அவளுக்குப் புரிந்தது. வைரஸும் குடும்பம் நடத்துகிறது, அவ்வளவுதானே என்று சொல்லிவிட்டு, அழுத பெண்ணுக்கு மோர் கொண்டுவர வீட்டுக்குப் போனாள். வள்ளியம்மாள் மூட்டையிலிருந்து பாதி எழுந்தாள். வைரஸ் என்று கேட்ட பிறகும் ஒரு வீட்டில் குடிக்க எதையோ கொடுக்கப் போகிறார்கள்.

பெரியவர்கள் கொட்டகையிலிருந்து வெளியே நகர்ந்தார்கள். வெற்றிவேல் எருமையைத் தடவிக்கொண்டு அங்கேயே நின்றான். முகம் வாடியிருந்தது.

"அப்ப, நீங்க என்னைப் பாக்க வரல. செடியப் பாக்கத்தான் வந்தீங்க."

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமா."

"போட்டோவுல என் மூஞ்சியப் பாக்கவே இல்லியா?"

"முட்டி வரைக்கும் பாத்தேன்."

அவன் கொஞ்ச நேரம் எருமையின் காதைத் தேய்த்தான். "கண்ணாடி புதுசு. அதுக்குன்னே வாங்கினேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஒரு வாரமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்த மாடிப் பேச்சில், செடியைப் பற்றிய வரிகள் முடிந்த பிறகும் அவள் படத்தை நிறுத்தியதில்லை. கோட்டையைப் பார்த்து நின்றவனின் சிவந்துபோன காது மடல் வரைக்கும் ஓடவிட்டுத்தான் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள்.

"இப்ப?" என்றான் அவன்.

"இப்ப மூஞ்சி வரைக்கும் வந்துட்டேன்."

வெற்றிவேல் எருமையை விட்டுவிட்டான்.

வெளியே துரைக்கண்ணுவின் குரல் உயர்ந்தது. அவருடைய ரோஷம் இன்னும் அடங்கியிருக்கவில்லை. மறைத்தது மறைத்ததுதான், பொண்ணு வீட்டார் முன்னால் தலைகுனிந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பாழாய்ப்போன மஞ்சளை இனி ஒரு நாள் வைத்திருக்க மாட்டார். ஆனந்தராஜிடம் டிராக்டருக்குப் போன் போடச் சொன்னார். நாளைக் காலையில் அந்தப் பாதியை மொத்தமாக மடக்கி உழுதுவிட்டு, நல்ல விதையாகப் போட்டு, பச்சைப் பசேலென்று ஆனபிறகு சம்பந்தியைத் திரும்பக் கூப்பிட்டுக் காட்டப்போகிறார். ஆனந்தராஜ் போனைக் காதில் வைத்துவிட்டார். செல்லப்பன் பெரிய மனுஷத்தனமாக ஆமோதித்துக்கொண்டிருந்தார்.

வளர்மதி கொட்டகை வாசலுக்கு வந்தாள். உள்ளங்கையில் கால் இலை, அதுவும் எச்சில் இலை. அது ஒரு தடவை சோதனைக்குப் போதும். ஆனால் அந்த முறுக்குச் செடி நின்ற வரப்பை ஒட்டி, இன்னும் மஞ்சளாக நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அவற்றில் எதில் சுருட்டை ஏறிக்கொண்டிருக்கிறதோ, எதில் இன்று, இந்த நிமிடம், இரண்டும் கலந்து மூன்றாவது பிறந்துகொண்டிருக்கிறதோ. நாளைக் காலையில் எல்லாம் மண்ணுக்கடியில் போய்விடும். மாப்பிள்ளை வீட்டில் வாய்விட்டு ஒன்று கேட்பது எவ்வளவு பெரிய தப்பு என்று அம்மா சொன்னதெல்லாம் நினைவுக்கு வந்தது. அம்மா அங்கிருந்து கண்ணாலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தாள், வேண்டாம் வேண்டாம் என்று.

பக்கத்தில் வந்து நின்ற வெற்றிவேல், "கேளுங்க" என்றான் மெதுவாக.

அவள் நேராகத் துரைக்கண்ணுவின் முன்னால் போய் நின்றாள்.

"ஓட்டாதீங்க மாமா. போட்டோவப் பாத்த அன்னிலேர்ந்து கேக்கணும்னு இருக்கிறேன், வாய் வரல. எனக்கு நகை, பட்டு எதுவும் வேணாம். அந்த மஞ்சள் பாதிய எனக்குக் குடுங்க. ஈ வெளிய போகாம சுத்தி வலை நான் கட்டிக்கிறேன். மருந்து அடிக்காம, ஒரு செடி புடுங்காம, நோயோட அப்படியே குடுங்க."